நாற்பத்திரண்டு சீத்தா மரங்களும் ஒரு விளக்கமாறும்

மே 4, ஞாயிறு

பூசை முடிந்து ஏழரைக்கு வீடு திரும்பினேன். மழை இல்லை. தோட்டம் கூட்டி முடிக்கப் பதினொன்று ஆனது. நாற்பத்திரண்டு சீத்தா மரத்தடியும் இப்போது தியேட்டர் தரை மாதிரி இருக்கிறது. சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர். ஒரு சருகு கிடையாது. குவித்து எரித்தாயிற்று. மரத்தைச் சுற்றி வட்டமாகச் சுண்ணாம்புத்தூள் போட்டாயிற்று. முப்பத்து நான்கு வருடம் தியேட்டர் நர்ஸாக இருந்து, இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்று இங்கே வந்த ஆக்னஸ் தோட்டம் வைத்தால் இப்படித்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

மத்தியானம் தம்பி பிரகாசமும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் மதுரையிலிருந்து வந்தார்கள். கோழிக்குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, கோவிச்சுக்காத. ரெண்டு வருஷமா ஒரு கூடைப் பழம் இறங்கல. இந்த அரை ஏக்கரைச் சும்மா போட்டு வைக்கிறதுக்கு, மரத்த வெட்டிட்டு கோழிப்பண்ணை போட்டுரலாம். நீ எங்ககூட வந்துரு. மாடி ரூம் காலியாத்தான கிடக்கு."

அப்பா இந்த இடத்தை எங்கள் இருவர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அதனால் அவன் கேட்பது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மாடி ரூமை எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருந்தேன். மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அவள் என்னோடு பேசவில்லை. நன்றி கூடச் சொல்லவில்லை.

"இந்த ஒரு பூவையும் பாத்துருவோம்டா" என்றேன். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு வருகிறானாம். காய் இருந்தால் மரம் இருக்கும். இல்லாவிட்டால் ரம்பத்தோடு ஆள் வரும்.

வண்டியில் ஏறும்போது ஸ்டெல்லா சொன்னாள்: "முந்தியெல்லாம் கூடை கூடையா வரும். மதினி இங்க வந்த பெறகுதான்..." பிரகாசம் அவள் கையைத் தட்டினான். அவள் நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன். ராசி. பூசைக்குப் போகிறவள்தான், ஜெபமாலை சொல்கிறவள்தான், ஆனாலும் ராசி பார்ப்பாள். அந்த வார்த்தை எனக்கும் புதிது இல்லை.

மே 5, திங்கள்

வீட்டை இரண்டு முறை துடைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

மே 12, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் நல்ல கோடை மழை. மரமெல்லாம் பூ. சீத்தாப் பூவைப் பூ என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பச்சையாக, தடித்த மூன்று இதழ்கள், தலைகீழாகத் தொங்கும். தலையில் வைக்க முடியாது, மாதாவுக்கும் போட முடியாது.

பத்துப் பூவைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் பழுப்பு நிற வண்டு, எள்ளளவு. உள்ளே நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகின்றன. பிடித்துவிட்டேன்! காய் பிடிக்காததற்கு இதுகள்தான் காரணம். கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு மரத்துக்கும் அடித்தேன். தோள் விட்டுப்போகிறது. ஆனாலும் மனதுக்குத் திருப்தி.

மே 14, புதன்

வேலியோரமாக பஞ்சவர்ணத்தின் ஆடு இரண்டு உள்ளே வந்துவிட்டன. பஞ்சவர்ணம் இரண்டு வயல் தள்ளி ஆட்டுக்கிடை வைத்திருக்கிறாள். நான் வருவதற்கு முன்னால் இந்தத் தோட்டத்தில்தான் அவள் ஆடுகள் படுக்குமாம். பிரகாசத்துக்குப் பழம் பறித்து அனுப்பியதும் அவள்தான். வந்த முதல் வாரமே கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். ஆட்டுப் புழுக்கை எவ்வளவு கிடந்தது என்பதை எழுதினால் இந்த நோட்டு நாறும்.

"சீத்தா எலைய எந்த ஆடும் வாய் வைக்காது சிஸ்டர். சும்மா நெழலுக்குத்தான் வருதுக" என்றாள்.

"நெழல் உங்க பக்கமும் இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டு போனாள். எதற்குத்தான் அவளுக்குச் சிரிப்பு வருகிறதோ.

மே 25, ஞாயிறு

இருபது பூவைப் பிரித்தேன். வண்டு பூஜ்யம். தோட்டம் முழுக்க சுத்தம். இனி காய்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஜூன் 1, ஞாயிறு

பூ உதிர்கிறது. கூட்டினேன்.

ஜூன் 3, செவ்வாய்

பூ உதிர்கிறது. கூட்டினேன். ஒரு மரத்தில்கூடப் பிஞ்சு இல்லை. பிரகாசம் போன் செய்தான், எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு பஞ்சவர்ணம் கேட்டைப் போட்டு உலுக்கினாள். சிரிப்பைக் காணோம். "சிஸ்டர், ஆடு முக்கிக்கிட்டே கிடக்கு, குட்டி வெளிய வரல. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தவுகதான? கொஞ்சம் வந்து பாருங்க."

நான் மனுஷருக்குத்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் சோப்பையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தக் கிடையைப் பற்றி என்ன சொல்ல? முழங்கால் வைக்கச் சுத்தமான இடம் தேடினேன், ஒரு சாண்கூட இல்லை. புழுக்கை, சருகு, மாம்பழத் தோல், என்னென்னவோ. கண்ணை மூடிக்கொண்டு மண்டி போட்டேன். குட்டிக்கு ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. மெதுவாகத் தள்ளி, காலை நிமிர்த்தி, வலி வரும்போது இழுத்தேன். கறுப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளை. மூக்கைத் துடைத்ததும் தும்மியது. பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, கிடையின் வாடை அப்படி.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். கிடைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றதும் சீத்தா மரம். கிளைக்குக் கிளை பிஞ்சு. நெல்லிக்காய் அளவில், கோலிக்குண்டு அளவில், எண்ண முடியாத அளவுக்கு.

"இதுக்கு என்ன மருந்து அடிக்கிற?" என்று கேட்டேன்.

"மருந்தா? இது தானா மொளச்சது சிஸ்டர். நான் தண்ணிகூட ஊத்துனது இல்ல."

எட்டிப் பூக்களைப் பிரித்துப் பார்த்தேன். எள்ளளவு பழுப்பு வண்டு. ஒரு பூவில் நான்கு. இன்னொன்றில் ஆறு.

ஜூன் 9, திங்கள்

டைரியைப் புரட்டினேன். மே 12: 'பிடித்துவிட்டேன்!' மே 25: 'வண்டு பூஜ்யம்.' ஜூன் 1: 'பூ உதிர்கிறது.'

கேஸ் ஷீட்டை இப்படி வரிசையாகப் படித்தால் பயிற்சிக்கு வந்த பெண்கூடக் கண்டுபிடித்துவிடும். எழுதிய எனக்குத் தெரியவில்லை.

தோட்டம் கூட்டவில்லை. உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 10, செவ்வாய்

வேளாண்மை ஆபீஸுக்கு போன் செய்தேன். ஒரு பெண் அதிகாரி பேசினாள். சின்ன வயதுக் குரல், ஆனால் விஷயம் தெரிந்தவள்.

"சீத்தாப் பூ ஷிஃப்ட் டூட்டி பாக்குற மாதிரிங்க சிஸ்டர். பாதி திறந்திருக்கும்போது பெண் பூ, மகரந்தம் வாங்கிக்கும். முழுசா விரியும்போது ஆண் பூ, மகரந்தத்தை உதிர்க்கும். ஒரே பூ ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யாது. ஒரு பூவோட பொடிய இன்னொரு பூவுக்கு யாராச்சும் தூக்கிட்டுப் போகணும். பாதி திறந்த பூவுல தேனீயால நுழைய முடியாது. அந்தக் குட்டி வண்டுதான் நுழையும்."

"அந்த வண்டு எங்க இருக்கும்?"

"அழுகின பழத்துல முட்டை வைக்கும். சருகு, எருன்னு ஈரமா கிடந்தா அங்கயே தங்கிரும். பூச்சி மருந்து எதுவும் அடிச்சீங்களா?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஆக, இரண்டு வருடமாக நான் அழுகின பழத்தைப் பொறுக்கினேன், சருகை எரித்தேன், சுண்ணாம்பு போட்டேன், அதற்கும் தப்பிப் பிழைத்து வந்தவற்றுக்கு மருந்து அடித்தேன். பூச்சியைக் கொல்வதற்கும் நம் ஊரில் மருந்து என்றுதான் பெயர். ஆயுள் முழுக்க மருந்து கொடுத்த கை, அந்தப் பெயரைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் தப்பு! என் ராசி இல்லை, என் தப்பு. தப்பு செய்தவள் திருந்தலாம். ராசியில்லாதவள் என்ன செய்ய முடியும்? அந்தப் பெயரோடு முப்பத்து நான்கு வருடம் இருந்து பார்த்தவள் நான்.

இருபத்தாறு வயதில், என் கணவர் ஜெயசீலனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அவர் அம்மா வாசலில் வைத்து அந்த வார்த்தையைச் சொன்னார்கள். கல்யாணமாகி எட்டு மாதம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

ஜூன் 11, புதன்

எதையும் நிரூபித்துப் பார்க்காமல் நம்புகிற ஆள் நான் இல்லை. கடையில் ஓவியம் வரைகிற பிரஷ் வாங்கினேன். விரிந்த பூக்களைப் பஞ்சவர்ணத்தின் மரத்திலிருந்து டப்பாவில் எடுத்து வந்து, உதிர்ந்த பொடியை என் வாசல் மரத்தில் பாதி திறந்த பூக்களுக்குத் தடவினேன். முப்பது பூ. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. இதை அந்த வண்டுகள் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தன.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகும் வழியில் கேட்டுப் பூட்டைக் கழற்றிவிட்டேன். பஞ்சவர்ணத்திடம் கேட்டேன், "உன்கிட்ட அழுகின மாம்பழம் இருக்குமா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சிஸ்டர், உடம்புக்கு எதுவும்..."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆட்டையும் ஓட்டிட்டு வா."

ஆறு கூடை கொண்டுவந்தாள். அழுகல் மாம்பழம், பலாப்பழத் தோல், வாழைப்பழம். மரத்தடியில் ஒவ்வொரு கைப்பிடியாக நானே வைத்தேன். அவள் கிடையிலிருந்து சருகும் எருவும் நான்கு சாக்கு. ஈ மொய்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லா மரத்தையும் முடித்தேன். என்னோடு வேலை பார்த்த தலைமை நர்ஸ் இன்று பார்த்திருந்தால் மாரடைப்பு வந்திருக்கும்.

ஜூன் 16, திங்கள்

கை தானாக விளக்கமாற்றை எடுத்துவிட்டது. முதல் மரத்தடி வரை போய்விட்டேன். விளக்கமாற்றைப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்து, திருப்பிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

விளக்கமாற்றைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கவில்லை.

ஜூன் 25, புதன்

சிவப்பு நூல் கட்டியவற்றில் இருபத்திரண்டு நின்றுவிட்டன. பூவின் அடியில் குண்டூசித் தலை அளவில் பச்சை முடிச்சு! நூல் கட்டாத பூ ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மரத்துக்கு ஒரு நோயும் இல்லை. மண்ணுக்கும் இல்லை. பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பிரஷ்ல தடவியா? அடி ஆத்தி!" என்று வாயில் கை வைத்தாள்.

ஆனால் ஒரு மரத்தில் இருபத்திரண்டு பிஞ்சைக் காட்டி நாற்பத்தொரு மரத்தைக் காப்பாற்ற முடியாது. மற்ற மரங்களில் வண்டு இன்னும் வரவில்லை. பூவும் குறைந்துகொண்டு வருகிறது. மழையும் இல்லை.

ஜூலை 2, புதன்

வண்டு இல்லை. நாற்றம் இருக்கிறது. பிரகாசம் போன் செய்தான். ரம்பக்காரரிடம் பேசிவிட்டானாம், ஆகஸ்ட் பதினாறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறானாம். "சும்மா சொல்லி வச்சேன் அக்கா" என்றான். நான் சரி என்றேன். வைத்த பிறகு வாசல் மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மருந்து அடித்த வாடை இன்னும் மரத்தில் இருக்கிறதோ? நான் நிறுத்தியது தாமதமோ? மாதாவே, எனக்குக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த மரங்களுக்குக் கொடு.

ஜூலை 5, சனி

தவிட்டுக்குருவிகள் ஏழு வந்து மரத்தடிச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. நான் வந்த நாளிலிருந்து இங்கே பார்த்ததில்லை. அதுகளுக்கு இங்கே தின்ன ஏதோ கிடைத்திருக்கிறது. குளியலறை வாசலில் ஒரு தேரை. விரட்டவில்லை, 'தள்ளிப் போ' என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

மழை! மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சருகு எல்லாம் ஊறிக் கிடக்கிறது. காலால் கிளறினால் கீழே குளுகுளு என்று இருக்கிறது. முன்பெல்லாம் மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ரோட்டுக்கு ஓடிவிடும். இன்று ஒரு சொட்டு கேட்டைத் தாண்டவில்லை.

ஜூலை 17, வியாழன்

புதுத் துளிர். துளிரோடு பூ. விடிந்ததும் போய்ப் பதினெட்டாவது மரத்தில் ஒரு பூவைப் பிரித்தேன். உள்ளே எள்ளளவு பழுப்பு வண்டு ஒன்று, முதுகெல்லாம் மஞ்சள் பொடி பூசிக்கொண்டு.

சத்தம் போடாமல் இதழை மூடிவிட்டு, கேட் வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று பஞ்சவர்ணத்தைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு பேருமாக மரம் மரமாகப் பார்த்தோம். இருபத்தாறு மரத்தில் இருக்கிறது. அறுபதை எட்டிய ஒருத்தி வண்டைப் பார்த்து இப்படிக் குதிக்கலாமா என்று தெரியவில்லை. குதித்தேன்.

ஜூலை 28, திங்கள்

பிஞ்சு. பிஞ்சு. பிஞ்சு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்தில் மற்ற பாவங்களோடு வண்டுகளைக் கொன்றதையும் சொன்னேன். சாமியார் பக்கமிருந்து இருமுகிற மாதிரி ஒரு சத்தம். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி, மாதா திருநாள்

பத்து மணிக்கு வந்தார்கள். ஸ்டெல்லா இறங்கியதும் வாழைத்தோலில் கால் வைத்துவிட்டாள். "என்ன மதினி, தோட்டம் இப்படிக் கெடக்கு? உடம்பு சரியில்லையா?" என்று உண்மையாகவே பதறினாள். என் மீது அவளுக்கு அக்கறை இருக்கிறது என்பதை இத்தனை வருடத்தில் இன்றுதான் கவனித்தேன்.

பிரகாசம் மரத்துக்கு மரம் போனான். வாசல் மரத்தில் கோழிமுட்டை அளவில் பத்தொன்பது காய், சிவப்பு நூலோடு. மற்றதில் எல்லாம் நெல்லிக்காய் அளவு. முப்பத்து நான்காவது மரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். அப்படியே நின்று ரம்பக்காரருக்கு போன் போட்டான். "அண்ணே, நாளைக்கு வர வேணாம். ஆமாண்ணே. இல்ல, எப்பவுமே வேணாம்."

நான் போய்க் கிணற்று மேடையில் உட்கார்ந்துகொண்டேன்.

"பாத்தீகளா, மதினிக்கு ராசி திரும்பிருச்சு!" என்றாள் ஸ்டெல்லா, சந்தோஷமாக.

அவள் கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போனேன். ஒரு பூவைப் பிரித்துக் காட்டினேன். "இந்தா, இதைப் பாரு. இதுதான் காய்க்க வைக்குது. ரெண்டு வருஷமா இத நான் கொன்னுக்கிட்டு இருந்தேன். கூட்டிக் கூட்டியே கொன்னேன். அதனாலதான் காய்க்கல. நிறுத்துனேன், காய்ச்சிருச்சு. ராசியுமில்ல ஒண்ணுமில்ல ஸ்டெல்லா. என் தப்பு."

இவ்வளவு பெருமையாக யாராவது தப்பை ஒப்புக்கொண்டு அவள் பார்த்திருக்க மாட்டாள். பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கி நான் சொல்ல வந்தது..."

"தெரியும். விடு."

பஞ்சவர்ணமும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்ட பாத்திரங்களை ஸ்டெல்லா கழுவிக் கவிழ்த்தாள். ஒரு தட்டின் விளிம்பில் குழம்புக் கறை. அதை நான் மறுபடி கழுவவில்லை. இதை டைரியில் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள்

திண்டுக்கல்லில் ஜெயசீலன் கல்லறைக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு வருடமும் போகிறேன். பிரஷ், சோப்பு, பினாயில், வாளி எல்லாம் கொண்டுபோய், சிமெண்டு தேய்கிற அளவுக்குத் தேய்ப்பேன். தேய்த்து முடித்ததும் நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிடுவேன்.

இந்த முறை பையில் மூன்று சீத்தாப்பழம் மட்டும். பெயர் தெரிகிற அளவுக்குக் கையால் மண்ணைத் தள்ளினேன். பக்கத்து வேப்பமரத்துச் சருகு மேலெல்லாம் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தைப் பிட்டுத் தின்றேன். நல்ல இனிப்பு. விதையை அங்கேயே துப்பினேன். பிறகு சொன்னேன், சத்தமாகவே. இரண்டு கல்லறை தள்ளி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு வந்தது மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானப்ப ஊர் மருந்து போதும்னு உங்க அம்மா சொன்னாங்க, நாம ரெண்டு பேரும் சரின்னோம். பத்து நாள் தாமதம். அதுதான் காரணம். நான் இல்ல."

இரண்டாவது பழத்தை அவர் அம்மாவின் கல்லறையில் வைத்தேன். அதுவும் அங்கேதான் இருக்கிறது, பக்கத்திலேயே. இத்தனை வருடத்தில் அங்கே நான் எதையும் வைத்ததில்லை.

மூன்றாவதை அவருக்கு வைத்தேன். நன்றாகப் பழுத்தது, நாளைக்குள் வெடித்துவிடும். வாட்ச்மேன் வந்து, "அழுகிப் போகுமேம்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"அழுகட்டும்யா" என்றேன். "அழுகுனாத்தான் யாராச்சும் வருவாக."